இருநூற்றுப் பன்னிரண்டு புறப்பாடுகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, நாற்பத்தோரு பாராட்டுகளுடன் திருமலைக்கொழுந்து மாடியேறி வந்தார்.

பாராட்டுகள் போனில் இருந்தன. பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் டைம்கீப்பராக, வண்டி புறப்படும் நேரத்தை மைக்கில் சொல்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வயது ஐம்பத்தொன்பது. கூட வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில், முந்தின நாள் தன் இணையப் பக்கத்தின் லிங்கை அனுப்பியிருந்தார். குழுவில் நாற்பத்து மூன்று பேர். ஒருவர் அவரே, கொழுந்து. இன்னொருவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது, பெயரை நீக்கவில்லை. மீதி நாற்பத்தோரு பேரும் பதில் போட்டிருந்தார்கள்.

மாடியில் இருந்தது பிலோமினாவின் வகுப்பு. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. கணினியில் படமும் இசையும் செய்து, அதை எவரும் திறந்து பார்க்கும்படி இணையத்தில் வைப்பதற்கு அங்கே கற்றுக்கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்து நான்கு. டீச்சர் என்று கூப்பிட வேண்டாம் என்று கொழுந்திடம் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தார்.

"பாருங்க டீச்சர்," என்று கொழுந்து போனை நீட்டினார்.

பிலோமினா வாசித்தார். 'அருமை.' 'சூப்பர் அண்ணாச்சி.' 'இசை மழை.' மற்றதெல்லாம் கும்பிட்ட கைகள்.

பக்கத்தின் பெயர் 'புறப்பாடு'. பேருந்து நிலையத்தில் ஒரு நாளில் கிளம்பும் இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளும் அதில் இருந்தன. ஒரு வண்டிக்கு ஒரு கோடு, ஒரு சுரம். பக்கத்து ஊர் வண்டி தணிந்த சுரம், தூரத்து வண்டி உச்சம். விடியற்காலை நாலு பத்துக்குப் பாபநாசம் வண்டி தனியாக ஒலிக்கும். எட்டரை மணிக்கு எல்லாம் சேர்ந்து நெரியும். ஒரு முழு நாள் நான்கு நிமிடத்தில் ஓடி முடியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நகர மன்றத்தில் கண்காட்சி. ஆறு பேரின் ஆக்கங்கள். வருகிறவர்கள் சுவரில் இருக்கும் அட்டையைத் தங்கள் போனில் ஸ்கேன் செய்து பார்க்கலாம், கேட்கலாம். அந்த ஆறு எவை என்பதைப் பிலோமினா வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஐந்து முடிவாகிவிட்டது.

"ஆறாவது நம்மளுதுதானே?"

"கேட்டுட்டுச் சொல்லுதேன்."

பிலோமினா தன் போனில் பக்கத்தைத் திறந்தார். கோடுகள் ஓடின. சத்தம் வரவில்லை.

"வால்யூம் கம்மியா இருக்கும்," என்றார் கொழுந்து.

"முழுசா இருக்கு."

"நெட் ஸ்லோ."

"கோடு ஓடுதுல்லா?"

ஜன்னலோரம் ஆசாத் உட்கார்ந்திருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். அவரும் அங்கே படிக்க வருகிறவர். லிங்க் அவருக்கும் போயிருந்தது.

"இதுல சத்தம் வேற உண்டா அண்ணாச்சி? நான் படம்னுல்லா நினைச்சேன். ரெண்டு தடவ பார்த்தேன்."

கொழுந்து தன் லேப்டாப்பைத் திறந்தார். பாபநாசம் வண்டி கிளம்பியது. தூத்துக்குடி வண்டி கிளம்பியது. அறை முழுவதும் கேட்டது.

"பாத்தீங்களா? என்கிட்ட ஓடுது."

பிலோமினா கண்ணை மூடித் திறந்தார்.

"இந்த ரூம்ல எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னு முதல் நாள் சொன்னேன் அண்ணாச்சி?"

"என்கிட்ட ஓடுதுன்னு சொல்லக் கூடாது."

"இப்ப என்ன சொன்னீங்க?"

"ஆனா ஓடுதே."

பிலோமினா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். செட்டிங்ஸ் வரை போனார். ஒரு பக்கம் திறந்தவுடன் தானாகச் சத்தம் போடக் கூடாது, பார்க்கிறவர் ஒருமுறையாவது திரையைத் தொட வேண்டும் என்பது பிரவுசர்களில் வைத்திருக்கும் கட்டுப்பாடு. கொழுந்தின் லேப்டாப்பில் 'ஒலிக்கு எப்போதும் அனுமதி' என்று டிக் போடப்பட்டிருந்தது.

"இதை யாரு போட்டா?"

கொழுந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"மார்ச் மாசம் நான்தான். சும்மா சும்மா தொடச் சொல்லிச்சு. எரிச்சலா வந்துச்சு."

"மார்ச்ல இருந்து இப்ப வரைக்கும் எத்தன வெர்ஷன் மாத்தினீங்க?"

"பத்தொன்பது."

"ஒண்ணையாவது வேற ஆள் போன்ல போட்டுப் பாத்தீங்களா?"

கொழுந்து, குழுவில் முதலில் பாராட்டிய சுடலைமணியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். சுடலைமணி பழைய கண்டக்டர்.

"மணி, நம்ம பாட்டு எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம் அண்ணாச்சி. கண்ணுல தண்ணி வந்துட்டு."

"எந்த இடம் பிடிச்சுது?"

"முழுசும்."

"சத்தம் நல்லாக் கேட்டுச்சா?"

"கணீர்னு இருந்துச்சு. வீட்டுல எல்லாரும் கேட்டோம்."

கொழுந்து போனை வைத்தார். ஆசாத் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"சிரிங்க பாய். நல்லாச் சிரிங்க."

"சிரிக்கல அண்ணாச்சி. கண்ணுல தண்ணி வந்துட்டு."

பிலோமினா சொன்னார்: "பெரிய வேலை இல்ல. ஆரம்பத்துல ஒரு வரி வைங்க. 'தொட்டால் ஒலிக்கும்.' அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம்."

"யாரு வச்ச சட்டம் இது?"

"திறந்த உடனே விளம்பரம் எல்லாம் கத்திச்சு. ஜனங்க தாங்கல. பூட்டுப் போட்டாங்க."

"நான் விளம்பரமா?"

"பூட்டுக்கு அது தெரியாது."

கொழுந்து எழுந்து நின்றார். மைக்கில் பேசிப் பழகிய குரல். கீழே ஜெராக்ஸ் கடைக்கும் கேட்டிருக்கும்.

"முப்பத்தோரு வருஷம் டீச்சர். பாபநாசம் வண்டி புறப்படுதுன்னா புறப்படும். ஏறுறவன் ஏறுவான், விட்டவன் விட்டான். எடுக்கட்டுமாய்யான்னு நான் ஒருத்தன்கிட்ட கேட்டதில்ல. இப்பப் போய், சாமி, கொஞ்சம் தொடுங்கன்னு நிக்கணுமா?"

"ஆமா."

"அவ்வளவு கத்தினேனே, எவன் கேட்டான்? அவனவன் வண்டி பேரு வந்தா காது திறக்கும். வண்டி வந்துட்டா மூடும். ஒரே ஒரு தடவ, இருநூத்திப் பன்னண்டையும் முழுசா ஒருத்தன் கேக்கணும். அதுக்குத்தான் ரெண்டு வருஷமா இந்த மாடியேறுதேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த வரியை வைங்க," என்றார் பிலோமினா.

கொழுந்து லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை காலையில் திரும்பி வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"முடிஞ்சுது டீச்சர். யாரையும் கெஞ்ச வேண்டாம். எல்லார் போன்லயும் ஓடும்."

பிலோமினா திறந்தார். கோடுகளை மறைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. 'இப்பக்கத்தின் விதிமுறைகளை ஏற்கிறேன்' என்று எழுதி, கீழே 'சரி' என்று ஒரு பொத்தான்.

"என்ன விதிமுறை?"

"ஒண்ணும் கிடையாது. எல்லா வெப்சைட்லயும் இப்படி ஒரு பெட்டி வருதுல்லா? எவன் வாசிக்கான்? படக்குன்னு சரின்னு அமுக்குவான். அமுக்கினா தொட்ட கணக்கு. பூட்டு திறந்துரும்."

ஆசாத் எட்டிப் பார்த்தார். "இது மூளை. கல்யாண வீட்டுல ஆல்பம் விக்கிறதுக்கு நான் இப்படித்தான் கையெழுத்து வாங்குவேன்."

"நீங்க சும்மா இருங்க பாய்," என்றார் பிலோமினா. பிறகு கொழுந்திடம், "வாங்க கீழ."

ஜெராக்ஸ் கடையில் வள்ளிநாயகி தனியாக இருந்தார். யாருடைய பத்திரத்தையோ பக்கம் பக்கமாக மெஷினில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க போன்ல இந்த லிங்கை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க."

வள்ளிநாயகி ஒரு கையால் தாளைப் பிடித்தபடி மறு கையால் திறந்தார். வெள்ளைப் பெட்டி வந்தது. வாசிக்காமல் 'சரி'யை அமுக்கினார். பாபநாசம் வண்டி கிளம்பியது.

வள்ளிநாயகியின் போன் எப்போதும் முழுச் சத்தத்தில் இருக்கும். தாள் கோணலாக உள்ளே போனது. போன் மெஷின் மேல் விழுந்தது. மெஷின் ஒரு மாதிரி கத்தி நின்றது.

"என்னத்தம்மா என் போன்ல வச்சீங்க? வைரஸா?"

"இல்லக்கா. பாட்டு."

"பாட்டா இது? பாட்டுன்னா சொல்லிட்டுப் போட வேண்டியதுதானே? எதுக்கோ சரி கேக்கான்னு அமுக்கினா அலறுது. பத்திரம் வேற போச்சு." அவர் போனை அணைத்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். கொழுந்தைப் பார்த்தார். "நீங்க பண்ணதா?"

"ஆமாம்மா."

"பெரியவங்க, நல்லா இருங்க," என்றார் வள்ளிநாயகி. நல்லா இருங்க என்று வாழ்த்துகிற குரல் இல்லை அது.

படியில் ஏறும்போது கொழுந்து சொன்னார்: "வால்யூமைக் கொஞ்சம் குறைச்சா சரியாயிரும்."

பிலோமினா நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வால்யூம்."

"முதல் சுரத்தை மெதுவா ஆரம்பிச்சு..."

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"வேண்டாம். விடுங்க."

அறைக்கு வந்ததும் கொழுந்து விடவில்லை.

"சரி, நியாயமாவே கேக்கேன். நீங்க செஞ்ச 'உப்பளக் காத்து'ன்னு ஒரு பக்கம் இருக்குல்லா? அதுல நீங்க சொன்ன மாதிரி ஒரே ஒரு வரிதான் வச்சிருக்கீங்க. போன மாசம் அதை எத்தன பேர் தொட்டாங்க?"

"நாலு."

"நாலா?"

"அதுல ஒண்ணு நான்."

"இன்னொண்ணு நான்," என்றார் ஆசாத். "தப்பா பட்டுட்டு."

"அப்ப உங்க வழியில போனாலும் ரெண்டு பேருதான். எனக்கு என்ன வழின்னு நீங்களே சொல்லுங்க. நேரா ஒரு பதில் சொல்லுங்க. தொடாத ஜனத்துக்கு என்னத்த வைக்கது?"

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. சொல்லுதேன். பன்னண்டு மணிக்கு லிஸ்ட் போகணும். அதுக்குள்ள ஒரு முடிவு."

"பத்துன்னா பத்துக்கு நிப்பேன்."

"அது தெரியும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொழுந்து வாசலில் நின்றார். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிலோமினா தன் லேப்டாப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தார். ஆசாத் ஜன்னலோரம் இருந்தார்.

"வந்துட்டேன் டீச்சர். சொல்லுங்க."

"சொல்லிட்டேனே."

"என்னத்த?"

"பதில். ஒன்பதரைக்கே சொல்லிட்டேன்."

கொழுந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்துன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஒன்பதரைக்கு வாய்ல வந்துட்டு. சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"ரூம்ல."

"ரூம்ல யார் இருந்தா?"

"யாரும் இல்ல."

"கேக்க ஆளே இல்லாம எப்படிச் சொல்லுவீங்க?"

"சத்தமாத்தான் சொன்னேன். தெளிவா, நிறுத்தி நிறுத்தி. கேக்கதுக்கு ஆள் இருக்கா இல்லையான்னு நான் எதுக்குப் பாக்கணும்?"

கொழுந்தின் கழுத்து சிவந்தது. ஆசாத் பக்கம் திரும்பினார்.

"பாய், என்ன சொன்னாங்க?"

"அருமையாச் சொன்னாங்க அண்ணாச்சி."

"என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்."

"முழுசும் நல்லா இருந்துச்சு."

"நீரு எப்ப வந்தீரு?"

"பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது."

கொழுந்து பிலோமினா பக்கம் திரும்பினார். பிலோமினா தலையைத் தூக்கவே இல்லை.

"மறுபடி ஒருக்காச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார் கொழுந்து. குரல் இறங்கியிருந்தது.

பிலோமினா லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்க கேட்டுட்டீங்க. இப்பச் சொல்லலாம்," என்றார்.

ஆனால் எதுவும் சொல்லவில்லை. கொழுந்தும் கேட்கவில்லை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் வந்தது.

கொழுந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். வெள்ளைப் பெட்டியை எடுத்தார். 'ஒலிக்கு எப்போதும் அனுமதி' என்ற டிக்கையும் எடுத்தார். ஒரு வரி எழுதினார். அதைப் பெரிதாக்கினார். பிறகு சிவப்பாக்கினார். மினுக்கவிட்டார். பக்கத்தில் ஒரு அம்புக்குறி வைத்தார்.

பிலோமினா பின்னால் வந்து நின்றார். ஒரு பெருமூச்சு விட்டார்.

கொழுந்து அம்புக்குறியை எடுத்தார். மினுக்கலை நிறுத்தினார். சிவப்பை வெள்ளையாக்கினார். எழுத்தைச் சிறிதாக்கினார். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது.

இப்போது பக்கத்தைத் திறந்தால் கறுத்த திரை. நடுவில் 'தொட்டால் ஒலிக்கும்'. கோடுகள்கூட ஓடவில்லை.

கொழுந்து அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குப் பிலோமினா பட்டியலில் ஆறாவது பெயரை எழுதினார். அனுப்பினார்.

"ஒரு தடவ போட்டுக் கேக்கலையா?" என்றார் கொழுந்து.

"பத்தொன்பது வெர்ஷன் கேட்டாச்சு. என் காது ஒரு டெப்போ மாதிரி ஆயிட்டு."

ஆசாத் டீ வாங்க இறங்கிப் போனார். கொழுந்து கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை எவனும் தொடலைன்னா?"

"நிறைய பேர் தொட மாட்டாங்க."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"பக்கத்துல நில்லுங்க."

"நின்னு, தொடுங்கன்னு வாயால சொல்லலாமா?"

"எழுதியிருக்குல்லா."

"வாசிக்காமப் போனா?"

"போவாங்க."

"சும்மா நிக்கவா?"

"சும்மா நிக்க."

"எவ்வளவு நேரம்?"

பிலோமினா நெற்றியில் கை வைத்தார். பிறகு எடுத்தார்.

"இதுக்கு டைம் போடுறது நீங்க இல்ல அண்ணாச்சி."

கொழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. நகர மன்றத்தில் கண்காட்சி காலை பத்து மணிக்குத் திறந்தது. 'புறப்பாடு' அட்டையை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அறுபத்து நான்கு பேர் கடந்து போனார்கள். 11.52க்கு ஒருவர் தொட்டார். 11.56க்கு இருநூற்றுப் பன்னிரண்டாவது வண்டி, கடைசி வண்டி, புறப்பட்டது.